நாற்பத்திரண்டு நிமிடத்தில் சேலம்

இனி இந்தப் பிறவியில் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உப்புமா சாப்பிட்டு முடித்த கையோடு. காலி வயிற்றில் எனக்குத் தைரியம் வருவதில்லை.

சபதத்துக்குக் காரணம் முதுகுவலி. இது ஊருக்குச் சொன்னது. உங்களிடம் மறைப்பானேன், உண்மையான காரணம் சேலம் பக்கம் ஓமலூரில் இருக்கிற என் சகலை குப்புசாமி.

சகலை என்றால் சகலமும் பேசுகிறவர். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போதுதான் தோட்டத்தில் எழுநூறு அடிக்கு போர் போட்டிருந்தார். முதல் அடியில் என்ன மண் வந்தது, இரண்டாவது அடியில் என்ன கல் வந்தது என்று ஆரம்பித்தார். எழுநூறு அடியும் எனக்குத்தான் விழுந்தது. தண்ணீர் வந்ததா என்று இன்றுவரை தெரியாது. நானூற்றுச் சொச்சத்தில் தூங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் மகள் கல்யாணம் வந்தது. எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மகன் கல்யாணம் வந்தது. முதுகு. பேத்திக்குக் காது குத்தினார்கள். இடுப்பு. பத்திரிகை மேலிருந்து கீழாக வர வர, வலியும் மேலிருந்து கீழாக இறங்கியது. ஒவ்வொரு தடவையும் என் மனைவி கௌரம்மா மட்டும் பஸ்ஸில் போய்த் தலையைக் காட்டிவிட்டு மறுநாளே வந்துவிடுவாள். ‘உங்களுக்கு முடியாதப்ப நான் அங்க இருந்தா நல்லாவா இருக்கும்’ என்பாள்.

நான் யாரென்று சொல்லவில்லையே. பெயர் காளியப்பன். அப்பா ரயில்வே வேலைக்காக ஈரோட்டிலிருந்து மைசூருக்கு வந்தவர். நான் சர்வே ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் வரைபடம் வரைந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. வேலை பார்த்த காலத்தில் இல்லாத களைப்பெல்லாம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. எழுந்தால் களைப்பு. பேப்பர் படித்தால் களைப்பு. படிக்காமல் மடித்து வைத்தாலும் களைப்பு. அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. கூடத்தில் ஒரு நாற்காலி. காலை ஆறு மணிக்கு அதில் உட்கார்ந்தால் இரவு படுக்கப் போகும்போதுதான் எழுந்திருப்பேன். இடையில் காபிக்கும், சாப்பாட்டுக்கும், கண்ணாடி எங்கே என்று கேட்பதற்கும் குரல் கொடுப்பேன்.

கௌரம்மா தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். ஏர் பிடித்த குடும்பம். பேச்சில் கொங்குத் தமிழ் வாடை அடிக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலாக ஒரு ‘ங்க’ இருக்கும். முப்பத்தொரு வருஷமாக அந்த ‘ங்க’வை மரியாதை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்தான் குப்புசாமி புது வீடு கட்டி முடித்த செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். இந்த முறை வலிக்க என் உடம்பில் புதிதாக இடம் எதுவும் பாக்கியில்லை. அதனால் தொழில்நுட்பத்தை நாடினேன்.

இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. எந்த இரண்டு விமான நிலையத்தின் பெயரைக் கொடுத்தாலும் நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடும். மைசூரு என்று போட்டேன். சேலம் என்று போட்டேன். நேர்க்கோட்டில் நூற்று அறுபது கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாற்பத்திரண்டு நிமிடம் என்று வந்தது. அந்தப் பக்கம் சொல்லாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். மைசூரிலிருந்து சேலத்துக்கு நேர் விமானமே கிடையாது. அது வெறும் கணக்கு. விமானம் இருந்தால் இத்தனை நிமிடம் ஆகும் என்கிற கணக்கு. எனக்கு மீசை இருந்தால் எத்தனை முடி நரைத்திருக்கும் என்பது மாதிரி.

இல்லாத விமானத்தில்தான் வருவேன் என்று ஒரு மனிதன் அடம்பிடித்தால் அவனை யார் என்ன செய்ய முடியும்? கௌரம்மா பஸ்ஸில் போவாள். புது வீடு என்பதால் எப்படியும் நாலு நாள் இருந்துவிட்டு வரச் சொல்வார்கள். நான் நாற்காலியில் இருப்பேன். எதிரே சுவர் இருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டோம். நினைக்கவே சுகமாக இருந்தது.

உப்புமாத் தட்டை நகர்த்திவிட்டு ஆரம்பித்தேன்.

“கௌரி, இனிமே நான் பஸ்ல ஏறமாட்டேன்.”

“சரிங்க.”

“ஏன்னு கேக்கமாட்டியா?”

“முதுகுங்களா, இடுப்புங்களா?”

“ரெண்டும்தான். ஆனா உங்க அக்கா வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லல. வர்றேன். சந்தோஷமா வர்றேன். ஃப்ளைட்ல வர்றேன்.”

அவள் தட்டை எடுத்தவள் நின்றாள். செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“பாரு. மைசூரு ஏர்போர்ட்லேர்ந்து சேலம் ஏர்போர்ட். நூத்தறுபது கிலோமீட்டர். நாப்பத்திரண்டு நிமிஷம். இட்லிக்கு மாவு அரைக்கிற நேரம். பஸ்ஸுன்னா எட்டு மணி நேரம் குலுங்கணும். ஃப்ளைட்னா இப்பவே சட்டையை மாட்டிண்டு கிளம்பறேன். ஃப்ளைட் இல்லேன்னா என்னைக் கூப்பிடாதே. இது என் வாக்கு.”

கௌரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். விரலால் மேலே தள்ளி, கீழே தள்ளி, ஓரத்தில் இருந்த விளம்பரத்தைக்கூடப் படித்தாள்.

“ஏரோப்ளேன்னா வருவீங்க.”

“வருவேன்.”

“வாக்குங்களா?”

“வாக்கு.”

“சரிங்க,” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

அவளுடைய ‘சரிங்க’ மூன்று வகை. காய்கறி வாங்க மறந்தால் ஒன்று. விருந்தாளி வந்திருக்கும்போது ஒன்று. மூன்றாவதை நான் எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டும்போது ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். இது அந்த மூன்றாவது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மியிடம் பிரிண்ட் எடுத்ததாம்.

“என்ன இது?”

“டிக்கெட்டுங்க. வியாழக்கிழமை. நம்ம ப்ரியாதான் எடுத்து அனுப்பிச்சா.”

ப்ரியா எங்கள் ஒரே மகள். முழுப்பெயர் தமிழ்ப்ரியா. பெங்களூரில் வேலை. பெயரில்தான் தமிழ். பேசுவதெல்லாம் கன்னடம். அம்மாவிடம் மட்டும் பேச்சே தேவையில்லை, இரண்டு பேருக்கும் கண்ணாலேயே எல்லாம் முடிந்துவிடும்.

காகிதத்தைப் படித்தேன். மைசூரு என்றிருந்தது. சேலம் என்றும் இருந்தது. நடுவில் ஹைதராபாத் என்றிருந்தது.

“கௌரி, இதுல ஹைதராபாத்னு போட்டிருக்கு.”

“ஆமாங்க. அது வழியாத்தான் போகுதாம்.”

“ஹைதராபாத் வடக்கே இருக்கு. சேலம் கிழக்கே இருக்கு.”

“அதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுங்களா. மேப்பு போட்டவரு.”

“நாப்பத்திரண்டு நிமிஷம்னு நான் காமிச்சேனே?”

“அது ஏரோப்ளேன் இருந்தா ஆகற நேரமாமுங்க. ப்ரியா சொன்னா. இல்லாத ஏரோப்ளேனுக்கு டிக்கெட் தரமாட்டாங்களாம்.”

“அதைத்தான் நானும்…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதைத்தான் நானும் நம்பியிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

“நீங்க ஏரோப்ளேன்னா வர்றேன்னுதானுங்க சொன்னீங்க. எந்த வழின்னு சொல்லலீங்களே.”

மறுபடி காகிதத்தைப் பார்த்தேன். வேறு ஒரு குறை தென்பட்டது. அதைப் பிடித்துத் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது.

“ஒருத்தருக்குத்தான் டிக்கெட் இருக்கு. நீ இல்லாம நான் எப்படிப் போறது? ஆகாது. கேன்சல் பண்ணச் சொல்லு.”

“எனக்கு எதுக்குங்க ஏரோப்ளேன்? எனக்கு முதுகு நல்லாத்தான் இருக்குது. நான் எப்பவும்போல பஸ்ல வந்தர்றேன்.”

அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்க ஆரம்பித்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“பதினொரு வருசமா எங்க போனாலும் ஒரே கேள்விங்க. ஊட்டுக்காரரு வரலையா, ஊட்டுக்காரரு வரலையான்னு. மொதல்ல கழுத்துன்னு சொன்னேன். பொறவு முதுகுன்னு சொன்னேன். இப்பெல்லாம் யாரும் கேக்கறதே இல்லீங்க. கேக்காம இருக்கறதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருக்குது.”

அவரைக்காய் எனக்கும் இரண்டு கொடு என்று வாங்கி உரித்தேன். வியாழக்கிழமை போவதாகிவிட்டது என்று நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு ரகசியம். நான் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஏணியில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். வீட்டில் பல்பு மாற்றுவதெல்லாம் கௌரம்மாதான்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஆட்டோவில் மண்டகள்ளிக்குப் போனோம். எங்கள் ஊர் ஏர்போர்ட் சின்னது. ஊட்டி ரோட்டில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். வாசலில் கௌரம்மா என் கைப்பையைத் திறந்து மேலாக ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

“என்ன அது?”

“அக்காவுக்கு எடுத்த பட்டுப்புடவைங்க. நாளைக்குக் காலைல இதைக் கட்டிக்கிட்டுத்தான் அக்கா பால் காய்ச்சணும். பஸ்ல கசங்கிரும். நீங்க பத்திரமா கொண்டாந்துருவீங்க.”

பிறகு என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “பயமா இருந்தா கண்ணை மூடிக்குங்க,” என்றாள்.

“எனக்கென்ன பயம்?”

“அதானுங்க,” என்று சொல்லிவிட்டு, அதே ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

விமானம் சின்னது. இரண்டு பக்கமும் பெரிய மின்விசிறி மாட்டியிருந்தது. எங்கள் கூடத்து மின்விசிறியே மழைக்காலத்தில் ஒரு மாதிரி சத்தம் போடும். இதை நம்பி எப்படி உட்காருவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது கிளம்பிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சாமுண்டி மலை எனக்குக் கீழே இருந்தது. மறுபடி மூடிக்கொண்டேன்.

தைரியம் வந்து வெளியே பார்த்தபோது சூரியன் வலது பக்கம் இருந்தது. காலை நேரத்தில் சூரியன் வலது பக்கம் இருந்தால் நாம் வடக்கே போகிறோம் என்று அர்த்தம். முப்பத்து நான்கு வருஷம் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் வடக்கு என்று ஓர் அம்பு போட்டவன் நான். கடைசியில் என்னையே அந்த அம்பில் கட்டி எய்துவிட்டாள். மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஹைதராபாத் போக அறுநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து சேலம் வர அறுநூறுக்குச் சற்று அதிகம். நூற்று அறுபது கிலோமீட்டரில் இருக்கும் குப்புசாமியைப் பார்க்க நான் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்தேன். அவர் அத்தனை தகுதியான மனிதர் இல்லை.

ஹைதராபாத் ஏர்போர்ட் எங்கள் அக்ரஹாரத்தைப்போல நாலு மடங்கு இருக்கும். அதில் நாலு மணி நேரம் உட்காரவேண்டும். நாற்காலிகள் வழுக்கின. ஒரு இட்லி வாங்கினேன். அது என்னைவிடக் களைத்துப்போயிருந்தது. பாதி சாப்பிடும்போது செல்போன் அடித்தது.

“எங்கீங்க இருக்கீங்க?”

“ஹைதராபாத். நீ?”

“ஹனூருங்க. தம்பி உமேஷ் ஊட்டுல இறங்கிட்டேன். ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டாங்க. நெய் ஊத்தி. நீங்க சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“அடுத்த பஸ் வருதுங்க. வச்சர்றேன்.”

இட்லியின் மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். அப்போதுதான் எதிரே இருந்த பெரிய பலகையில் அந்த எழுத்து மின்னியது. மைசூரு. சாயங்காலம் ஒரு விமானம் திரும்ப மைசூருக்குப் போகிறது. என் வாழ்க்கையில் ஒரு பலகை எனக்காகவே மின்னியது அதுதான் முதல் தடவை.

திட்டம் இதுதான். சேலம் விமானத்தைத் தவறவிட்டுவிட்டேன் என்று வருத்தமாக ஒரு ஃபோன். வயசான மனுஷன், பெரிய ஏர்போர்ட், அறிவிப்பு காதில் விழவில்லை. யார் குறை சொல்ல முடியும்? மைசூருக்குத் திரும்பி, நாகலக்ஷ்மியிடம் சாவி வாங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாற்காலி. ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவியை நாகலக்ஷ்மியிடம்தான் கொடுப்போம். எதற்கும் முதலில் அவளைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம் என்று கூப்பிட்டேன்.

“நாகலக்ஷ்மி அம்மா, காளியப்பன் பேசறேன். எங்க வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

“இல்லவே இல்ல சார். இந்தத் தடவை கௌரம்மா கொடுக்கல. ரெண்டு சாவியும் அவங்களே எடுத்துண்டு போயிட்டாங்க ரீ,” என்றாள், கன்னட மரியாதை வாலைச் சேர்த்து.

“ரெண்டுமா?”

“ரெண்டும். அப்புறம் சார், நீங்க எங்கேர்ந்து பேசறீங்க, ஹைதராபாதா?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“கௌரம்மா சொல்லிட்டுப் போனாங்க. ‘மத்தியானம் ஹைதராபாத்லேர்ந்து சாவி கேட்டு ஃபோன் பண்ணுவார், எடுத்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க’ன்னு. எழுதி வச்சிருக்கேன், இருங்கோ.” காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “‘அக்கா புடவை உங்க பையில இருக்கு. சேலம் ஃப்ளைட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியே வரிசையில நில்லுங்க.’ இவ்வளவுதான் சார். ஹேப்பி ஜர்னி.”

பையைத் திறந்து பார்த்தேன். புடவை இருந்தது. மாம்பழ நிறம், மெரூன் கரை. இது நாளைக் காலைக்குள் ஓமலூர் போய்ச் சேரவில்லையென்றால் கௌரம்மாவின் அக்கா கமலம்மாள் பால் காய்ச்சமாட்டாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விசேஷம் நான் வராததால் நிற்கும். கசங்கும் என்று கௌரம்மா சொன்னதை நான் நம்பியிருந்தேன். பட்டுப்புடவை எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தால் என்ன ஆகிவிடும்? பிணைக்கைதியை என்னிடமே கொடுத்து, என்னையே காவல் வைத்திருந்தாள்.

அரை மணி நேரம் முன்னாடியே வரிசையில் போய் நின்றேன்.

நிற்கும்போது மறுபடி ஃபோன். “மாதேஸ்வரன் மலையில சாமி கும்பிட்டு இறங்கியாச்சுங்க. இன்னைக்குக் கூட்டமே இல்லை. உங்க பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டேன். மனசு மாறாம ஏறணும்னு வேண்டிக்கிட்டேன்.” விமானத்தில் உட்கார்ந்து, செல்போனை அணைக்கச் சொல்லும் நேரத்தில் இன்னொன்று. “மேட்டூர் வந்துட்டனுங்க. அணையில தண்ணி நெறையா இருக்குது. கரையெல்லாம் மீன் வறுக்கறாங்க. நாளைக்கு விசேஷம்கிறதால சாப்பிடலீங்க. வாசத்தை மட்டும் புடிச்சுக்கிட்டேன்.”

விமானப் பணிப்பெண் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், எல்லாம் நன்றாக இருக்கிறதா சார் என்று கேட்டாள். அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

சாயங்காலம் ஐந்தேகாலுக்குச் சேலம் ஏர்போர்ட்டில் இறங்கினேன். கால் தரையில் பட்டபோது அந்தத் தரையின்மேல் எனக்கு வந்த பாசத்தைச் சொல்லி முடியாது. வெளியே குப்புசாமி நின்றிருந்தார். கையில் மாலை. பக்கத்தில் கௌரம்மா. முகம் கழுவி, புதுப் பூ வைத்து, என்னவோ அந்த ஊரிலேயே நாலு நாளாக இருப்பவள் மாதிரி நின்றாள். எனக்கு முன்னாலேயே வந்து, காபி குடித்து, அக்காவுடன் இரண்டு அறை மாக்கோலமும் போட்டு முடித்துவிட்டாளாம்.

“வாங்க சகலை,” என்றார் குப்புசாமி. “எங்க ஊட்டு விசேஷத்துக்கு ஏரோப்ளேன்ல வந்தது நீங்க ஒருத்தருதான். அதுவும் ஹைதராபாத் சுத்தி. இந்த முதுகோட. என்ர வாழ்நாள்ல மறக்கமாட்டேன்.”

மாலையைப் போட்டார். நான் கௌரம்மாவைப் பார்த்தேன். அவள் புடவைப் பொட்டலத்தை எடுத்து மடிப்புக் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கிரகப்பிரவேசம். கமலம்மாள் மாம்பழ நிறத்தில் பால் காய்ச்சினாள். பால் பொங்கியது. ஊரே வந்திருந்தது. கௌரம்மா என் கையைப் பிடிக்காத குறையாக ஒவ்வொருவரிடமும் கூட்டிக்கொண்டு போனாள். “இவருதானுங்க எங்க ஊட்டுக்காரரு.” அதை அவள் சொன்னபோது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொல்லவில்லை. முதலில் மெதுவாகச் சொன்னாள். பத்துப் பேருக்குப் பிறகு குரல் உயர்ந்தது. ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்க இருக்கீங்களா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. “இருக்கேனுங்க,” என்றேன். எனக்குக்கூட அந்த ‘ங்க’ தானாக வந்தது.

ஃபோட்டோ எடுக்கும்போது எல்லாரும் நின்றார்கள். கௌரம்மா வரிசையின் ஓரத்தில் போய் நின்றாள். பழக்கம். கமலம்மாள் அவளை இழுத்து நடுவில், என் பக்கத்தில் நிறுத்தினாள். கௌரம்மா என் துண்டை ஒரு தடவை சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தாள். அந்த ஒரு நிமிஷம், ஹைதராபாத் அப்படியொன்றும் தூரம் இல்லை என்று எனக்கே தோன்றியது.

தோன்றியது ஒரு நிமிஷம்தான். சாப்பிட்டு எழுந்ததும் குப்புசாமி என் தோளில் கைபோட்டு, வீட்டின் அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பித்தார். சாயங்காலம் வரை ஜன்னல் மட்டத்துக்குத்தான் வந்திருந்தோம்.

சனிக்கிழமை காலை எழுந்தபோது கௌரம்மா புடவை மாற்றிக்கொண்டு பையோடு நின்றாள்.

“எங்கே?”

“ஊருக்குங்க. எட்டு மணி பஸ்.”

எனக்கு உயிர் வந்தது. “இரு, நானும் பையை எடுத்துண்டு வர்றேன்.”

“நீங்க எங்கீங்க வர்றீங்க? உங்களுக்கு வியாழக்கிழமைதானுங்க டிக்கெட்டு. அன்னைக்குத்தான் கிடைச்சுதாம். ப்ரியா உங்ககிட்ட சொல்லலீங்களா?”

“வியாழக்கிழமையா? இன்னிக்கு சனி. அஞ்சு நாள் நான் இங்க என்ன பண்றது?”

“சகலை இருக்காருங்க. பேசிட்டு இருங்க.”

“கௌரி, எனக்கு முதுகு சுத்தமா சரியாயிடுத்து. பஸ்லயே வர்றேன். நின்னுண்டுகூட வர்றேன்.”

அதற்குள் கமலம்மாள் வந்துவிட்டாள். குப்புசாமியும் வந்துவிட்டார்.

“அதெப்படிங்க தம்பி,” என்றாள் கமலம்மாள். “ஊரே உங்களை ஏரோப்ளேன் மாப்பிள்ளைன்னு பேசுது. உங்களைப் பஸ்ல ஏத்தி அனுப்பிச்சா எங்களுக்கு மரியாதையா?”

“ஏரோப்ளேன் வர்ற வரைக்கும் நான் விடமாட்டேன்,” என்றார் குப்புசாமி. “இன்னும் மாடியே கட்டலையே நாம.”

ஓமலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நானே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் மன்றாடினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ‘ஆமாங்க’ என்றாள். பஸ் வந்தது. ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்தாள். முகத்தில் இத்தனை அமைதியை நான் பார்த்ததே இல்லை.

“இதையெல்லாம் எப்போ யோசிச்சே?” என்று கேட்டேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

“நீங்க அந்த நாப்பத்திரண்டு நிமிசத்தைக் காட்டினீங்க பாருங்க, அப்பங்க.”

“எதுக்காக? நான்தான் வந்துட்டேனே. ஃபோட்டோவுலயும் நின்னாச்சே. என்னையும் கூட்டிண்டு போனா என்ன?”

டிரைவர் வண்டியை எடுத்தார். கௌரம்மா ஜன்னல் கம்பியில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே சொன்னாள்:

“நீங்க ரிட்டையரானதுல இருந்து நம்ம ஊட்டுல நான் ஒரு காபியைக் கூட முழுசா உக்காந்து குடிச்சதில்லீங்க.”